படமும் பாட்டுப் புத்தகமும்
தமிழ்த் திரைப்பட வரலாற்றாய்வின் வழி

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



'படம்' என்னும் சொல்லுக்குத் தமிழ் அகராதிகள் தரும் பொருள்களுள் ஒன்று சீலை. சீலையில் எழுதிய சித்திரம் மற்றொன்று. திரைச்சீலையும் படம், பாம்பு விரிக்கும் தலையும் படம். இருபதாம் நூற்றாண்டில் வெள்ளைத் துணியின்மேல் ஓடிய நிழலையும் அதே சொல்லால் அழைக்கத் தமிழர்க்குத் தயக்கம் ஏற்படவில்லை. பருத்தியைப் பெயரிலேயே தாங்கிய இவ்வூரில், நெசவுக்குப் பேர்போன காஞ்சி மாநகரின் அருகில் நின்று, இச்சொல் கடந்து வந்த வழியை எண்ணிப் பார்ப்பது பொருத்தமே.

இவ்வழியில் ஓவியம் ஒரு படி. திரைப்படம் அடுத்த படி. ஓவியத்தின் வரலாற்றை எழுதியவர்களைத் தமிழுலகம் மதிக்கத் தவறியதில்லை. திரைப்படத்தின் வரலாற்றை எழுதியவர்களையோ, அண்மைக் காலம் வரையில், ஆய்வாளர் என்று ஒப்புக்கொள்ளவே பலர் தயங்கினர். அத்தயக்கத்தின் விளைவாகத் தமிழ் இழந்தவை எவை, அத்தயக்கத்தைப் பொருட்படுத்தாது உழைத்தவர் மீட்டுத் தந்தவை எவை என்பதே இவ்வுரையின் பொருள்.

விதானத்தில் ஒரு பாடம்

திருப்பருத்திக்குன்றத்துத் திரைலோக்கியநாதர் கோயிலின் வரலாறு பல்லவர் காலத்தைத் தொடுவது. சிம்மவர்மனின் பள்ளன்கோயில் செப்பேடு, பருத்திக்குன்றில் இருந்த வச்சிரநந்தி என்னும் சமண முனிவருக்கு அளித்த கொடையைச் சொல்கிறது. இக்கோயிலின் சங்கீத மண்டபத்தை விசயநகர அரசின் அமைச்சரான இருகப்பர், தம் ஆசிரியர் புட்பசேனரின் கட்டளைப்படி 1387ஆம் ஆண்டளவில் கட்டுவித்தார். அம்மண்டபத்தின் விதானத்தில் இரிசபதேவர், வர்த்தமானர், நேமிநாதர் ஆகியோரின் வாழ்க்கையும், நேமிநாதரின் உறவினராகச் சமணர் போற்றும் கண்ணனின் கதையும் வரிவரியாகத் தீட்டப்பட்டுள்ளன. ஒரு காட்சியை அடுத்து இன்னொரு காட்சி. காட்சியின் கீழ் அதனை விளக்கும் எழுத்து. அண்ணாந்து நடந்துகொண்டே பார்த்தால்தான் கதை நகரும்.

இவ்வோவியங்களைப் பற்றி டி. என். இராமச்சந்திரன் எழுதிய விரிவான ஆங்கில நூலைச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1934ஆம் ஆண்டில் வெளியிட்டது. அவர் செய்தது என்ன? எழுத்துகளைப் படித்தார்; காட்சிகளைச் சமண புராணக் கதைகளோடு ஒப்பிட்டார்; எது எதன் தொடர்ச்சி என்று வரிசைப்படுத்தினார்; இருந்ததை இருந்தபடி எழுதி வைத்தார். வண்ணம் மங்குவது இயற்கை. மேற்பூச்சு இடுவது மனித வழக்கம். இரண்டுக்கும் முன்னதாகவே ஒருவர் வந்து குறித்து வைத்தமையால் அவ்விதானம் இருமுறை வாழ்கிறது: ஒன்று சுண்ணத்தின் மேல், மற்றொன்று நூலின் தாளில்.

1934ஆம் ஆண்டு வேறொன்றுக்கும் உரியது. தென்னகத்தின் முதல் ஒலிப்பதிவு ஸ்டூடியோவான சீனிவாச சினிடோன் சென்னையில் ஏ. நாராயணனால் தொடங்கப்பட்டதும் அவ்வாண்டே. அவர் துணைவியார் மீனாட்சி அங்கே ஒலிப்பதிவுப் பணியை ஏற்றார். இந்நாட்டில் அத்தொழிலை மேற்கொண்ட முதல் பெண்களுள் ஒருவர் அவர். அறுநூறு ஆண்டுப் பழமை வாய்ந்த மண்டபத்தின் படங்களைப் பதிவு செய்ய ஓர் அறிஞர் இருந்த அதே ஆண்டில், அன்று பிறந்த படங்களைப் பதிவு செய்ய எவரும் இல்லை. பழையது போற்றத்தக்கது, புதியது பொழுதுபோக்கு என்ற எண்ணமே காரணம். அன்றைய புதியது இன்று பழையதாகிவிட்டது. ஆனால் போற்றுவதற்குப் பெரும்பகுதி இல்லை.

படம் இல்லாத பட வரலாறு

வேலூரைச் சேர்ந்த ஆர். நடராஜ முதலியார் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் எடுத்த 'கீசகவதம்' தென்னகத்தின் முதல் கதைப்படம். அது வெளியான ஆண்டு 1916 என்பாரும் 1917 என்பாரும் 1918 என்பாரும் உளர். நூறாண்டுக்குச் சற்று முற்பட்ட ஒரு நிகழ்ச்சியின் ஆண்டைப் பற்றி மூன்று கருத்து நிலவுகிறது என்றால், சங்க காலத்தைப் பற்றி வேறுபடும் புலவர்களை நோக்கி நகைப்பதற்கு இடமில்லை. அப்படத்தின் ஒரு சுருள்கூட இன்றில்லை.

மௌனப்பட காலத்தில் தென்னகத்தில் நூற்றுக்கு மேற்பட்ட கதைப்படங்கள் எடுக்கப்பட்டன. அவற்றுள் எஞ்சியது 'மார்த்தாண்ட வர்மா' ஒன்றே. நாகர்கோவில் ஆர். சுந்தரராஜ் 1933ஆம் ஆண்டில் வெளியிட்ட படம் அது. அது பிழைத்த கதை வியப்புக்குரியது. சி. வி. இராமன் பிள்ளையின் புதினத்தைத் தழுவி எடுத்த அப்படத்தின் மேல், புதினத்தின் பதிப்புரிமை பெற்றிருந்தோர் வழக்குத் தொடுத்தனர்; நீதிமன்ற ஆணையால் படச்சுருள் திரையரங்கினின்று அகன்றது. ஓடாமல் கிடந்தமையால் தேயாமல் கிடந்தது. பின்னர் 1974இல் புனே நகரிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தை அடைந்தது. வெற்றி பெற்று ஊர் ஊராகச் சுற்றிய படங்கள் அழிந்தன. தடைபட்ட படம் வாழ்ந்தது.

பேசும்படத்தின் நிலையும் பெரிதும் வேறன்று. 1931ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் சென்னை கினிமா சென்ட்ரலில் வெளியான 'காளிதாஸ்', தமிழில் பேசிய முதல் படமெனப் போற்றப்படுவது. எச். எம். ரெட்டி இயக்க, டி. பி. இராஜலட்சுமி நடித்தார். அதன் பிரதியும் இன்று இல்லை.

அழிவுக்குக் காரணங்கள் பல. 1950ஆம் ஆண்டளவு வரையில் திரைப்படங்கள் நைட்ரேட் சுருளில் பதிவாயின. அது எளிதில் தீப்பற்றும். வெப்பத்திலும் ஈரத்திலும் பிசுபிசுத்துப் பின் பொடியாகும். சென்னைக் கடற்கரையின் புழுக்கம் அதற்குப் பகை. ஓடி முடிந்த படத்தின் சுருளினின்று வெள்ளியைப் பிரித்தெடுக்க விற்றவர் பலர். நிறுவனம் கடனில் மூழ்கியபோது சுருள்கள் ஒருவர் கையினின்று இன்னொருவர் கைக்கு மாறிக் காணாமற் போயின. காப்பகம் சேர்ந்தவையும் தப்பியதில்லை. 2003ஆம் ஆண்டு சனவரியில் புனேயில் நேர்ந்த தீவிபத்தில் நைட்ரேட் சுருள்கள் பெருவாரியாக எரிந்தன.

சட்டமும் ஒரு காரணம். 1867ஆம் ஆண்டு அச்சக, நூற்பதிவுச் சட்டம், அச்சான ஒவ்வொரு நூலையும் அரசிடம் பதிவு செய்து படி கொடுக்க வேண்டுமென்று விதித்தது. ஆள்வோர் கண்காணிப்புக்காக இட்ட அச்சட்டமே பிற்கால ஆய்வாளர்க்குக் களஞ்சியமாயிற்று. திரைப்படத்தையோ அரசு தணிக்கை செய்தது, பாதுகாக்கவில்லை. 1918ஆம் ஆண்டுச் சினிமாட்டோகிராப் சட்டம் வெட்டக் கற்றுக் கொடுத்தது, வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. நாடு விடுதலை பெற்றுப் பதினேழு ஆண்டுகள் சென்ற பின்னர், 1964இல்தான் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தோன்றியது. அதனைக் கட்டி வளர்த்த பி. கே. நாயர் சுருள்களைத் தேடிப் பழைய தயாரிப்பாளர் வீடுகளின் படியேறியபோது, பல வீடுகளில் பெட்டி மட்டுமே இருந்தது.

ஆகவே, தமிழ்த் திரைப்பட வரலாற்றை எழுத முனைபவர்க்குத் தமிழ்த் திரைப்படமே முழுமையாகக் கிடைப்பதில்லை. காப்பியத்தை இழந்து, உரையாசிரியர் மேற்கோளாகக் காட்டிய சில செய்யுட்களைக் கொண்டு அக்காப்பியத்தின் உருவத்தை ஊகிக்கும் தமிழறிஞரின் நிலை அது. வளையாபதியையும் குண்டலகேசியையும் அறிந்த அவைக்கு இதனை மேலும் விளக்க வேண்டியதில்லை.

தியடோர் பாஸ்கரனின் தேடல்

இந்நிலையில் இத்துறைக்கு ஆய்வு நெறி ஒன்றை வகுத்துத் தந்தவர் சு. தியடோர் பாஸ்கரன். 1940ஆம் ஆண்டு தாராபுரத்தில் பிறந்து, சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் வரலாறு பயின்று, அஞ்சல் துறையில் உயர் அலுவலராகப் பணியாற்றியவர் அவர். பல்கலைக்கழகப் பதவி எதுவும் அவருக்குத் துணை நின்றதில்லை. அரசுப் பணியின் இடையே கிடைத்த காலத்தில் ஆவணக் காப்பகங்களில் அமர்ந்து அவர் சேர்த்த செய்திகள், 1981ஆம் ஆண்டில் 'தி மெசேஜ் பேரர்ஸ்' என்னும் ஆங்கில நூலாகச் சென்னை க்ரியா பதிப்பகத்தின் வழியே வெளிவந்தன. 1880 முதல் 1945 வரையிலான தென்னிந்தியத் தேசிய அரசியலும் கேளிக்கைக் கலைகளும் அந்நூலின் பொருள்.

அந்நூல் எழுப்பிய வினா புதியது. இந்தப் படம் சிறந்ததா, இந்த நடிகர் உயர்ந்தவரா என்று அது கேட்கவில்லை. எழுத்தறியாப் பெருமக்களிடம் அரசியல் எவ்வாறு சென்று சேர்ந்தது என்று கேட்டது. கம்பெனி நாடகம், இசைத்தட்டு, திரைப்படம் என்னும் மூன்றும் செய்தி சுமந்து சென்ற வாகனங்கள் என்பது அது கண்ட விடை. 1919ஆம் ஆண்டு ஜாலியன்வாலா பாக் படுகொலைக்குப் பின்னர் நாடகக் கலைஞர்கள் தேசிய இயக்கத்தின்பால் திரும்பியதை அந்நூல் சான்றுகளுடன் காட்டியது. புராண நாடகத்தின் நடுவே முருகனும் வள்ளியும் தேசபக்திப் பாடல் பாடினர்; அதற்காகக் கைது செய்யப்பட்டனர். பலமுறை சிறை சென்ற நாடகக் கலைஞர் விசுவநாத தாஸ் 1940ஆம் ஆண்டில் சென்னையில் முருகன் வேடத்தில் மேடையிலேயே உயிர் நீத்தார்.

படங்களே இல்லாதபோது இச்சான்றுகள் எங்கிருந்து வந்தன? முதலாவது, அரசின் கோப்புகள். காவல் துறையினர் தம் கடமையின் பொருட்டு நாடகக் கொட்டகையில் அமர்ந்து, எந்தப் பாட்டுக்கு அவையோர் கைதட்டினர் என்று எழுதி வைத்தனர். அடக்குவதற்காக எழுதப்பட்ட குறிப்பே வரலாற்றின் வாக்குமூலமாயிற்று. இரண்டாவது, 1927ஆம் ஆண்டில் டி. இரங்காச்சாரியாரின் தலைமையில் அமைந்த இந்தியத் திரைப்பட விசாரணைக் குழுவின் ஏடுகள். அரங்க உரிமையாளர், வழக்கறிஞர், ஆசிரியர் எனப் பலரும் அதன்முன் அளித்த சாட்சியங்கள் அச்சில் உள்ளன. மௌனப் படத்தை மக்கள் எவ்வாறு பார்த்தனர் என்பதற்கு அவற்றினும் சிறந்த சான்று அரிது. மூன்றாவது, எஞ்சியிருந்த முதிய கலைஞர்களை நேரிற் கண்டு கேட்ட வாய்மொழிச் செய்திகள். நான்காவது, பாட்டுப் புத்தகம்.

மீதியை வெள்ளித்திரையில் காண்க

கொட்டகை வாயிலில் ஓரணாவுக்கும் இரண்டணாவுக்கும் விற்ற அச்சிறு புத்தகங்களை அறியாத முதியவர் தமிழகத்தில் இரார். மலிவான தாள், அட்டையில் நாயகியின் படம், உள்ளே நடிகர் பெயர், தொழில்நுட்பக் கலைஞர் பெயர், கதைச் சுருக்கம், பாடல்கள், அவற்றின் இராகமும் தாளமும். கதைச் சுருக்கம் பாதியில் நின்று, மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று முடியும். பார்ப்பவரின் ஆவலைத் தூண்ட எழுதிய வரி அது. இன்று அப்புத்தகத்தைக் கையில் எடுக்கும் ஆய்வாளர்க்கு அவ்வரி வேறொரு பொருள் தருகிறது. மீதியைக் காண்பதற்கு வெள்ளித்திரை இல்லை. பாதிக் கதையும் பாட்டுகளும் நிற்க, படம் மறைந்துவிட்டது. பாஸ்கரன் பிற்காலத்தில் எழுதிய தமிழ்க் கட்டுரைத் தொகுப்பு ஒன்றுக்கு 'மீதி வெள்ளித்திரையில்' என்று பெயரிட்டமை தற்செயலன்று.

பாட்டுப் புத்தகம் கவிஞர் உலகுக்கு நேரே உரியது. 'காளிதாஸ்' படத்துக்குப் பாடல் எழுதியவர் மதுரகவி பாஸ்கரதாஸ். நாடக மேடைக்கும் இசைத்தட்டுக்கும் அவர் இயற்றிய தேசியப் பாடல்கள் ஊர்தோறும் ஒலித்தன. ஆங்கில அரசின் தடைக்கும் உள்ளாயின. வடமொழிக் கவிஞனின் கதையைச் சொல்ல வந்த முதல் தமிழ்ப் பேசும்படத்தில், கதைக்குச் சற்றும் தொடர்பின்றி, காந்தியடிகளின் இராட்டினத்தைப் போற்றும் பாடல் இடம்பெற்றது. நூற்பும் நெய்தலும் வாழ்வாகிய ஊர்களில் அப்பாடலைக் கேட்டவர்க்கு அது தொடர்பற்றதாகத் தோன்றியிருக்காது. இத்தகைய செய்தியை இலக்கிய வரலாற்று நூல்களில் தேடினால் கிடைப்பது அரிது. பாபநாசம் சிவன் போன்ற சிலர் நீங்கலாக, 1930களில் திரைக்கு எழுதிய கவிஞர் பலரின் பெயர் இன்று பாட்டுப் புத்தகத்தின் மஞ்சளேறிய தாளில் மட்டுமே உள்ளது. தாள் பொடிந்தால் கவிஞரும் இல்லை.

இத்தாள்களைச் சேர்த்தவர்களுள் முதன்மையானவர் கோட்டையூர் ரோஜா முத்தையா. பெயர்ப்பலகை எழுதும் ஓவியராக வாழ்ந்த அவர், அறிஞர் பலர் தொடவும் நாணிய துண்டறிக்கைகளையும் நாடக விளம்பரங்களையும் பாட்டுப் புத்தகங்களையும் நூல்களோடு சேர்த்து வைத்தார். 1992ஆம் ஆண்டு அவர் மறைந்தபின் அத்தொகுப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கிச் சென்னையிலேயே வைத்தது. 1994 முதல் அது ஆராய்ச்சி நூலகமாகத் திகழ்கிறது. பாஸ்கரன் பணி ஓய்வுக்குப் பின் அந்நூலகத்தின் இயக்குநராகவும் சில காலம் தொண்டாற்றினார்.

ஸ்டூடியோக்களின் காலம்

1931 முதல் சில ஆண்டுகள் தமிழ்ப் படம் எடுக்கப் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் செல்ல வேண்டியிருந்தது. 1934க்குப் பின்னர் சென்னையிலும், 1935 முதல் சேலத்தில் டி. ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸிலும், கோவையில் சென்ட்ரல் ஸ்டூடியோவிலும், பின்னர்ப் பட்சிராஜாவிலும் தொழில் வேரூன்றியது. எஸ். எஸ். வாசனின் ஜெமினியும், காரைக்குடியில் தொடங்கிச் சென்னை வடபழனிக்குப் பெயர்ந்த ஏ.வி.எம். நிறுவனமும், பி. நாகிரெட்டியின் விஜயா-வாகினியும் அதன் உச்சத்தைக் கண்டன. எழுத்தாளர், இசையமைப்பாளர், தச்சர், ஓவியர், நடிகர் எனப் பலரும் மாதச் சம்பளம் பெற்று ஒரே மதிலுக்குள் உழைத்தனர். ஜெமினியில் கதை இலாகா என்றே ஒரு பிரிவு இருந்தது. கொத்தமங்கலம் சுப்பு அதன் தூண்களுள் ஒருவர். 1948ஆம் ஆண்டின் 'சந்திரலேகா' அம்முறையின் பெருஞ்சாதனை. அதன் இந்தி வடிவத்தின் வழியே சென்னைப் படம் வடநாட்டுச் சந்தையைப் பிடித்தது.

அம்மதிலுக்குள் என்ன நடந்தது என்பதை அறிய இலக்கியமே இன்று சிறந்த சாட்சி. 1950களிலும் 60களிலும் ஜெமினியில் பணியாற்றிய அசோகமித்திரன் எழுதிய நினைவுக் கட்டுரைகளும் 'கரைந்த நிழல்கள்' என்னும் புதினமும் இல்லையேல், படப்பிடிப்புத் தளத்தின் சிறு ஊழியனது வாழ்க்கை வரலாற்றில் இடம்பெற்றே இராது. ஏனெனில் ஸ்டூடியோக்கள் மறைந்தபோது அவற்றின் கணக்கேடுகளும் ஒப்பந்தங்களும் திரைக்கதைப் படிகளும் பெரும்பாலும் மறைந்தன. சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸின் நினைவாக நுழைவு வளைவு நின்றது. ஜெமினியின் நினைவாகச் சென்னையில் ஒரு மேம்பாலத்துக்கு மக்கள் வழங்கும் பெயர் நிற்கிறது.

ஸ்டூடியோக் காகிதம் வணிகக் காகிதந்தானே என்று கருதுவோர்க்கு ஒரு செய்தி. பாரதியாரின் பாடல்களைப் பயன்படுத்தும் உரிமை ஒரு காலத்தில் ஏ.வி.எம். நிறுவனத்தின் ஏ. வி. மெய்யப்பனிடம் இருந்தது. 1947ஆம் ஆண்டின் 'நாம் இருவர்' படத்தின் வழியே பாரதியின் பாடல்கள் பட்டிதொட்டியெங்கும் பரவின. பின்னர் 1949இல் அவ்வுரிமை அரசுக்கு வந்து, நாட்டுக்குப் பொதுவாயிற்று. நவீனத் தமிழ்க் கவிதையின் மூலவரது வரலாற்றில் ஓர் அத்தியாயம் திரைப்பட நிறுவனத்தின் கோப்பில் இருக்கிறது. அதனைப் படிக்காமல் பாரதி எவ்வாறு பாமரர் நாவில் ஏறினார் என்று எவர் சொல்ல இயலும்?

கட்செவி

1996ஆம் ஆண்டில் பாஸ்கரனின் அடுத்த பெருநூல் 'தி ஐ ஆஃப் த சர்ப்பெண்ட்' வெளிவந்து, சிறந்த திரைப்பட நூலுக்கான தேசிய விருதைப் பெற்றது. பின்னர் அது 'பாம்பின் கண்' என்று தமிழாக்கமும் கண்டது. தலைப்பைக் கேட்ட அளவில் தமிழறிந்தவர்க்குக் 'கட்செவி' என்னும் சொல் நினைவுக்கு வரும். கண்ணையே செவியாக உடையது பாம்பு என்பது பழைய நம்பிக்கை. தமிழ்த் திரைப்படத்தைப் பார்ப்பவரும் அவ்வாறே, கண்ணால் கேட்பவர். பாட்டும் வசனமுமே படமாக, காட்சி அவற்றுக்குத் தாங்குபலகையாக அமைந்தது தமிழ்த் திரையின் இயல்பு என்பது பாஸ்கரன் தொடர்ந்து வற்புறுத்தும் கருத்து. கம்பெனி நாடகம் அப்படியே படச்சுருளில் ஏறியது அதற்கு ஒரு காரணம். அறிஞர்கள் காட்சி மொழியை ஒரு மொழியாகக் கருதிக் கற்பிக்காதது மற்றொரு காரணம்.

இக்கருத்தைக் காஞ்சியின் மண்ணில் நின்று கேட்கும்போது ஒரு மறுப்பு எழுவது இயல்பு. இந்நகரத்து மைந்தர் சி. என். அண்ணாதுரையின் 'நல்லதம்பி', 'வேலைக்காரி' இரண்டும் 1949ஆம் ஆண்டில் திரையேறின. அவற்றின் ஆற்றல் வசனத்தில் இருந்தது. நீதிமன்றக் காட்சியில் எழுந்த வழக்குரையைக் கேட்கவே மக்கள் மீண்டும் மீண்டும் வந்தனர். எழுதப் படிக்கத் தெரியாதவன் நல்ல தமிழைக் காதால் கற்றது அக்கொட்டகையில்தான். அவ்வாறிருக்க, வசனம் மிகுந்தது குறை என்பது எப்படிப் பொருந்தும்?

இரண்டும் உண்மை என்பதே நேர்மையான விடை. வசனம் அரசியலுக்குப் பெருந்துணை செய்தது. அதே வசனம் காட்சிக்கலையின் வளர்ச்சியைத் தடுக்கவும் செய்தது. ஒன்றை ஒப்புக்கொள்வதால் மற்றொன்று பொய்யாகாது. தமிழின்பால் கொண்ட பற்றால் தமிழ்ப் படத்தின் குறையை மறைப்பது ஆய்வன்று. படத்தின் குறையைச் சுட்டும் ஆர்வத்தில் அது மக்களுக்கு என்னவாக இருந்தது என்பதை மறப்பதும் ஆய்வன்று. இலங்கையின் பேராசிரியர் கா. சிவத்தம்பி இப்பின்கூறியதையே எடுத்துரைத்தார். சாதியால் பிரிந்து கிடந்த தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் முதன்முதலாக அமர்ந்த இடம் திரையரங்கு. அங்கு இருக்கையைத் தீர்மானித்தது பிறப்பன்று, நுழைவுச்சீட்டின் விலை என்று அவர் காட்டினார். எம். எஸ். எஸ். பாண்டியன் 1992ஆம் ஆண்டு நூலில் எம்.ஜி.ஆரின் திரை உருவம் ஏழை மக்களின் அரசியலில் எவ்வாறு செயற்பட்டது என்று வினவினார். 1996இல் எழுதிய கட்டுரையில், கற்றறிந்த தமிழர் திரைப்படத்தை இகழ்ந்துகொண்டே அதனைத் தம் வழிக்குத் திருத்தவும் முயன்ற முரண்பாட்டை விளக்கினார். அமெரிக்காவில் பயின்ற ஸ்டீபன் ஹியூஸ் படத்தை விடுத்து, படம் காட்டிய அரங்குகளையும் பார்த்த கூட்டத்தையும் ஆய்வுப் பொருளாக்கினார்.

தொகுப்பாளர் பணியும் இவற்றுக்குக் குறைந்ததன்று. பிலிம் நியூஸ் ஆனந்தன், வெளிவந்த ஒவ்வொரு தமிழ்ப் படத்தின் பெயர், நாள், நடிகர், தொழில்நுட்பக் கலைஞர் ஆகியவற்றை வாழ்நாள் முழுதும் குறித்து வந்தார். 2016ஆம் ஆண்டு அவர் மறைந்தபோது, ஒரு நிறுவனம் செய்யத் தவறிய வேலையை ஒருவர் செய்து முடித்திருந்தார். அறந்தை நாராயணன் எளிய தமிழில் அவ்வரலாற்றைப் பொதுமக்களுக்குச் சொன்னார். இராண்டார் கை ஆங்கில ஏடுகளில் மறந்த படங்களை நினைவூட்டினார். நினைவிலிருந்து எழுதுவோர் எழுத்தில் ஆண்டும் பெயரும் மாறுபடுவது உண்டு; ஆய்வாளர் அவற்றை ஆவணத்தோடு ஒப்பிட்டே ஏற்க வேண்டும். எனினும், ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கூற்றையேனும் விட்டுச் சென்றோர்க்கு இத்துறை கடன்பட்டுள்ளது.

இலக்கிய வட்டங்களின் கடமை

இப்பணியில் ஊர் இலக்கிய வட்டங்களுக்கு என்ன பங்கு என்று கேட்கலாம். 1939ஆம் ஆண்டின் 'தியாக பூமி' அதற்கு ஒரு விடை தருகிறது. கல்கி எழுத, கே. சுப்ரமணியம் இயக்கிய அக்கதை, ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது படத்தின் நிழற்படங்களே அதற்குச் சித்திரங்களாக அமைந்தன. மறு ஆண்டில் ஆங்கில அரசு படத்தைத் தடை செய்தது. திரையினின்று நீக்கிய கதையை வாசகர் வீட்டினின்று நீக்க அவ்வரசால் இயலவில்லை. வார இதழைக் கட்டித் தைத்து வைத்த குடும்பங்கள் அதனைக் காத்தன. இலக்கிய வாசகர் அறியாமலே செய்த அத்தொண்டை இனி அறிந்து செய்யலாம்.

சென்னையின் பெரிய அரங்குகளைப் பற்றியேனும் சில ஏடுகள் உள்ளன. காஞ்சியைச் சுற்றிய சிற்றூர்களில் அறுவடைக்குப் பின் கூடாரம் அடித்த டூரிங் கொட்டகைகளைப் பற்றி எழுத்துச் சான்று மிக அரிது. எந்த ஊரில் எந்த ஆண்டு முதற்படம் ஓடியது, தரை எவ்வளவு, பெஞ்சு எவ்வளவு, இடைவேளையில் யார் பாடினார், மௌனப் படத்துக்குக் கதை சொன்னவர் யார், தறியிலிருந்து எழுந்து வந்த நெசவாளர் எந்தக் காட்சிக்கு வந்தனர் என்பன போன்ற செய்திகள் இன்று முதியோர் நினைவில் மட்டும் உள்ளன. கேட்டு எழுதிக்கொள்ளப் பெரும் பொருள் வேண்டியதில்லை. ஒரு குறிப்பேடும் பொறுமையும் போதும். எழுதும்போது சொன்னவரின் வயது, ஊர், கேட்ட நாள் மூன்றையும் தவறாமல் குறிக்க வேண்டும். அவை இல்லாத செய்தி கதையாகும், இருந்தால் சான்றாகும்.

வீட்டுப் பரணில் கிடக்கும் பெட்டிகளும் உள்ளன. அவற்றில் நிலப் பத்திரத்தைத் தேடுவோர் பாட்டுப் புத்தகத்தைப் பழைய தாளோடு எடைக்குப் போட்டுவிடுகின்றனர். அதனை எடுத்துப் பிரிக்கும்போது பாடலோடு நிறுத்திக்கொள்ளாமல், பாடலாசிரியர் பெயரையும், அச்சகத்தின் பெயரையும், விலையையும், ஓரத்தில் எவரேனும் பென்சிலால் எழுதிய நாளையும் படிக்க வேண்டும். படி எடுத்துக்கொண்டு மூலத்தை ஆராய்ச்சி நூலகம் ஒன்றில் சேர்த்துவிடலாம். அவ்வாறு சேரும் ஒவ்வொரு தாளும், பெயர் மறைந்த ஒரு கவிஞரை இலக்கிய வரலாற்றுக்குள் மீண்டும் அழைத்து வரக்கூடும்.

பத்தாண்டுகள் கவிதையைப் போற்றிய வட்டம், பதினோராம் ஆண்டில் அக்கவிதையைப் பாமரர் செவிக்குக் கொண்டுசென்ற திரையின் சுவடுகளையும் தொகுக்கத் தொடங்கினால், அது தமிழுக்குச் செய்யும் பணியே ஆகும். முதியவர்கள் இருக்கும்போதே அது தொடங்க வேண்டும்.